கூடுகட்டும் பறவைகளும் காண வருவோரும்

ஓர் ஊர் ஏரியில் பறவைகள் கூடுகட்டத் தொடங்கினால் அவற்றைக் காண மக்கள் திரளுவர். பின்னாலேயே கடைகளும் வண்டிகளும் வரும். இதனால் ஊராட்சிக்கு வருவாய் உண்டு. ஆயினும் அவ்வருவாய்க்கு வேர் கூடுதான் என்பதை மன்ற உறுப்பினர் மறத்தலாகாது.

செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் மக்கள் இதனை நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் அவர்தம் நெல்வயலுக்கு உரமாயிற்று. ஆங்கிலேயச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் ஆட்சியரிடம் முறையிட்டனர். 1798-ஆம் ஆண்டில் காப்புரிமைக் கவுல் பெற்றனர். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. 2022-இல் இவ்விடம் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

கூட்டில் அமர்ந்த பறவை முட்டைக்குச் சூடும், இறகு முளைக்காத குஞ்சுக்கு வெயிலில் நிழலும் தருகிறது. வெடியோசையாலோ ஒலிபெருக்கியாலோ நெருங்கிவரும் படகாலோ அது அஞ்சி எழுந்தால், காகம் முட்டையைக் கவரும். குஞ்சு வெயிலில் வாடும், அல்லது தடுமாறி நீரில் விழும். வந்தவர் சிறிது நேரத்தில் போய்விடுவார். தம்மால் நேர்ந்த கேட்டை அவர் காண்பதேயில்லை. இவ்வாறு மீண்டும் மீண்டும் கலைக்கப்பட்டால் பறவைகள் அவ்விடத்தையே கைவிடக்கூடும்.

கடற்பறவைகளுக்கும் இத்தகைய இடர் உண்டு. பிரிட்டனில் வேல்ஸ் கரையை அடுத்த ஸ்கோமர் தீவில் பஃபின் என்னும் பறவை மண்ணில் வளைதோண்டி முட்டையிடுகிறது. பாதையை விட்டு மிதித்தால் வளை சரியும். ஆதலால் அங்கே பாதையை விட்டு விலகத் தடையுண்டு. நாள்தோறும் வந்திறங்குவோர் தொகைக்கும் வரம்புண்டு. நம் ஏரிகளிலோ கூடுகள் நீர் நடுவே மரங்களின் மேல் உள்ளன. ஆகவே வருவோரை எண்ணுவதினும் அவர்களைத் தொலைவில் நிறுத்துவதே முதல் வேலை. வேடந்தாங்கலில் கரையிலும் காட்சிக் கோபுரத்திலும் நின்றே காண்கின்றனர். அதனால் காட்சிக்குக் குறைவொன்றும் இல்லை.

படகு விட்டால் பணம் பெருகும் என்பாருண்டு. கூடுள்ள காலத்தில் அதற்கு இடங்கொடுத்தல் தகாது. தொலைநோக்கிகளை மகளிர் குழுவினர் வாடகைக்குத் தரலாம். கடைகளையும் வண்டி நிறுத்தத்தையும் கரையை விட்டுத் தள்ளி அமைத்தல் நன்று. கரை மராமத்து, மரம் நடுதல் முதலியவற்றைப் பறவைகள் சென்றபின் கோடையில் வைத்துக்கொள்ளலாம். சரணாலயமாயின் எதற்கும் வனத்துறையின் இசைவு வேண்டும்.

கடினமானது நீர்ப் பங்கீடே. மரத்தைச் சுற்றிய நீர்தான் நாயையும் மனிதரையும் தடுக்கும் அகழி. குஞ்சுகள் பறக்குமுன் அது வற்றினால் காவல் போயிற்று. பயிருக்கும் அதே நீர் வேண்டுமே! மடையைத் திறக்கும் நாளில் இதைப் பேசத் தொடங்கினால் சச்சரவே மிஞ்சும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஆயக்கட்டுக்காரரைக் கூட்டி, எந்த அளவுக்குக் கீழே நீரை இறக்குவதில்லை என்பதை முடிவு செய்து, மடையருகே ஒரு கல்லில் குறித்துவிட வேண்டும்.