எம்.பி.ஏ. வேண்டாம், நிகழ்தகவு வேண்டும்

எம்.எஸ்சி. கணிதம் படிக்கிறேன். நிதித்துறையில் கணிதத்தை வைத்து வர்த்தக முடிவெடுக்கும் ‘குவான்ட்’ வேலைக்குப் போக ஆசை. அதற்கு எம்.பி.ஏ.வும் முடிக்க வேண்டுமா?
– வாசகி, திருச்சி

தேவையே இல்லை. 1982-ல் ரினைசன்ஸ் டெக்னாலஜிஸ் என்ற குவான்ட் முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கிய ஜிம் சைமன்ஸ் கணிதப் பேராசிரியராக இருந்தவர். வேலைக்கும் கணிதம், இயற்பியல் படித்தவர்களையே தேடி எடுத்தார். நீங்கள் சரியான இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

முதலில் நிகழ்தகவும் புள்ளியியலும் கைவசமாக வேண்டும். நேர்முகத் தேர்வில் பகடை, சீட்டுக்கட்டுக் கணக்குகளைக் கேட்டே ஆளை அளந்துவிடுவார்கள். தினமும் இரண்டு போட்டுப் பழகுங்கள். அடுத்தது பைத்தான். அதிவேக வர்த்தக நிறுவனங்கள் என்றால் சி பிளஸ் பிளஸும் வேண்டும்.

சான்றிதழ் வகுப்புகளில் பணத்தைக் கொட்டாதீர்கள். தேசியப் பங்குச்சந்தை தினமும் இலவசமாக வெளியிடும் விலைப்பட்டியலைத் தரவிறக்கி, ஒரு வர்த்தக உத்தியை எழுதிச் சோதியுங்கள். கடைசி இரண்டு ஆண்டுத் தரவை மட்டும் தொடாமல் ஒதுக்கிவையுங்கள். உத்தி முழுமையானபின் அதில் ஒரே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தரகுக் கட்டணத்தையும் பங்குப் பரிவர்த்தனை வரியையும் மறக்காமல் கழியுங்கள். பழைய தரவில் வந்த லாபம் பெரும்பாலும் இங்கேதான் கரையும். பயப்படாதீர்கள், அது ஏன் கரைந்தது என்று விளக்கத் தெரிந்தவரைத்தான் இந்த நிறுவனங்கள் தேடுகின்றன. அடுத்த விடுமுறை வரை காத்திருக்காமல் இந்த வாரமே தொடங்குங்கள்.