பக்கத்து ஆஸ்பத்திரியை மரம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?



ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டது. பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி இருக்குன்னு போனில் தேடுகிறார்கள். கம்ப்யூட்டரில் 10 லட்சம் இடங்கள் பதிவாகி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருக்க நேரம் ஏது? பின்னே எப்படிச் சட்டுன்னு சொல்லுது?

வரிசை ஏன் போதாது?

அகராதி அகர வரிசையில் இருக்கும். நடுப்பக்கத்தைத் திறந்தால் பாதியைத் தள்ளிவிடலாம். ஆனால் ஓர் இடத்துக்கு அட்சக்கோடு, தீர்க்கக்கோடு என்று 2 எண்கள். திருச்சி, நாகப்பட்டினம் இரண்டுமே ஏறத்தாழ 10.8 பாகை வடக்கில் உள்ளன. அட்சக்கோட்டை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினா ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல நிற்கும். நடுவிலோ 100 கி.மீ.க்கு மேல்!

செவ்வக மரம்

1984-ல் அன்டோனின் கட்மன் என்பவர் இதற்காக ‘ஆர்-மரம்’ என்ற முறையை வெளியிட்டார். ஆர் என்றால் ரெக்டாங்கிள், அதாவது செவ்வகம். அருகருகே உள்ள இடங்களைச் சுற்றி ஒரு செவ்வகக் கட்டம் போடணும். பக்கத்துக் கட்டங்களைச் சேர்த்து இன்னும் பெரிய கட்டம். கடைசியில் எல்லாம் அடங்கிய ஒரே கட்டம். அதுதான் வேர். இந்த மரத்துக்கு வேர் மேலே, இலை கீழே! ஒரு கட்டத்துக்குள் 100 என்றால் 100 × 100 × 100 = 10 லட்சம். மூன்றே படிதான்.

எல்லையில்தான் சிக்கல்

நாம் நிற்கும் கட்டத்துக்குள் மட்டும் தேடினால் போதுமா? போதாது. நம்ம கட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரி 14 கி.மீ. பக்கத்துக் கட்டத்தின் ஓரம் 5 கி.மீ.தான். உள்ளே 8 கி.மீ.யில் ஓர் ஆஸ்பத்திரி இருக்கலாமே! அதனால் அதைத் திறந்தே ஆகணும். மூன்றாவது கட்டத்தின் ஓரமே 20 கி.மீ. அதைத் திறக்கவே வேண்டாம். உள்ளே ஆயிரம் ஆஸ்பத்திரி இருந்தாலும் ஒன்றுகூட 20-க்குக் குறையாது. 1995-ல் நிக் ரூசோபௌலோஸ் முதலிய மூவர் ஆர்-மரத்தில் இப்படித் தேடும் வழியை எழுதினார்கள்.

“ரோடு வளைஞ்சு போகுமே?” என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. 8 கி.மீ. ஆஸ்பத்திரிக்கு நடுவே ஆறு. பாலம் சுற்றினால் 25 கி.மீ. நம்ம கட்டத்து ஆஸ்பத்திரிக்கு ரோட்டில் 16 கி.மீ. அப்போ அதுதான் பக்கம். மூன்றாவது கட்டம்? ரோட்டுத் தூரம் நேர்கோட்டுத் தூரத்தைவிட ஒருநாளும் குறையாது. எனவே அது 20-க்குக் கீழே வராது. தள்ளியது சரியே.

ஆகவே தோழர்களே, நிறையத் தள்ளுவதால் மரம் வேகமாகத் தேடுகிறது. காரணத்தோடு மட்டும் தள்ளுவதால் சரியாகத் தேடுகிறது. உயிர் காக்க ரெண்டும் வேணும்.

மூளைக்கு வேலை: இதுவரை கிடைத்த ஆஸ்பத்திரி 9 கி.மீ. மற்ற கட்டங்களின் ஓரம் 12, 3, 10, 7 கி.மீ. முதலில் எதைத் திறக்கணும்? எவற்றைத் திறக்கவே வேண்டாம்? விடையைக் கீழே பென்சிலால் எழுதுங்கள்.