நம்பிக்கைகளும் உண்மைகளும்: அடுத்த வீட்டுச் சத்தம்

‘புருஷன் பொண்டாட்டி சண்டை, நாம ஏன் நடுவுல போகணும்?’ சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அடிவாங்கும்போது இந்தப் பக்கம் டிவி சத்தம் கூடுவது இந்த நம்பிக்கையால்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். இத்தனை வீடுகளில் நடப்பது எப்படி ஒரு வீட்டு விஷயமாகும்?

சட்டமும் அப்படிப் பார்க்கவில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி, எதிர்வீட்டுக்காரர் உட்பட யாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர்மீது வழக்குப் போட முடியாது. ‘வெளியே சொன்னால் துரத்திவிடுவார்களே’ என்ற பயத்துக்கும் அதில் பதில் உண்டு: வீடு அவள் பேரில் இல்லாவிட்டாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்க அவளுக்கு உரிமை இருக்கிறது.

‘குடி நின்றால் அடி நின்றுவிடும்’ என்பது பாதி உண்மை. குடி வன்முறையைப் பெருக்குகிறது. ஆனால் அதே கணக்கெடுப்பில், இந்திய அளவில் குடிக்கவே குடிக்காத கணவன் உள்ள பெண்களிலும் ஐந்தில் ஒருவருக்கு மேல் அடியோ பாலியல் வன்முறையோ அனுபவித்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விடக் கெடுதலான நம்பிக்கை, ‘ரத்தத்தில் ஊறினது, மாறாது’ என்பது. உகாண்டாவின் கம்பாலா நகரில் நடந்த ‘சாசா’ திட்டம் இதற்கு நேரடியான மறுப்பு. அங்கே வெளியூர் நிபுணர்களை நம்பி இருக்கவில்லை. அந்தந்தத் தெருவில் குடியிருக்கும் சாதாரண ஆண்களும் பெண்களுமாக சுமார் 400 பேர் பயிற்சி பெற்று, சந்தையிலும் வாசலிலும் அக்கம்பக்கத்தாரிடம் பேச்சுக்கொடுத்தார்கள். ஒரு படத்தைக் காட்டி, ‘இதில் அதிகாரம் யார் கையில் இருக்கிறது?’ என்று கேட்பார்கள். ‘அடிப்பது தப்பு’ என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னால் மனிதர் எழுந்து போய்விடுவார். அதிகாரத்தைப் பற்றிக் கேட்டால், தன் முதலாளியிடம் பட்டதில் தொடங்கித் தன் வீட்டுக்கு வந்து சேர வழியிருக்கிறது. கல்யாணப் பெண்ணுக்குப் புத்தி சொல்லும் அத்தைமாரை அங்கே செங்கா என்பார்கள். போலீஸ்காரர்களோடு அவர்களையும் பயிற்சியில் சேர்த்தது பெரிய கெட்டிக்காரத்தனம்.

திட்டம் நடந்த நான்கு பகுதிகளையும் நடக்காத நான்கையும் லண்டன், மகேரேரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012 வரை ஒப்பிட்டார்கள். திட்டம் நடந்த இடங்களில் கணவனின் அடிதடி 52 சதவீதம் குறைவு. எட்டே பகுதிகள் என்பதால் அந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ‘அடிப்பதில் நியாயம் உண்டு’ என்ற எண்ணம் பெண்களிடையே தளர்ந்தது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. தலைமுறைகள் ஆகவில்லை, சில ஆண்டுகளே ஆயின.

‘தட்டிக்கேட்டால் நமக்குத்தான் ஆபத்து’ என்பார்கள். தட்டிக்கேட்க வேண்டியதே இல்லை. 2008இல் பிரேக்த்ரூ அமைப்பு ஆண்களை நோக்கி எடுத்த ‘பெல் பஜாவோ’ (மணியை அடி) விளம்பரங்களில், சத்தம் கேட்டவர் அந்த வீட்டு மணியை அடித்து ஏதோ சின்ன உதவி கேட்பார், அவ்வளவுதான். கண்டிக்க மாட்டார், கண்டித்தால் கதவு சாத்தியதும் அந்தக் கோபம் அவள்மேல்தான் இறங்கும். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 112ஐ அழைக்க வேண்டும். மறுநாள் அவள் தனியாக இருக்கும்போது மகளிர் உதவி எண் 181ஐச் சொல்லலாம். எப்போது அழைப்பது என்பதை அவள் முடிவு செய்யட்டும்.