கடல் மீன்களில் காயமும் ஒட்டுண்ணியும்

ஐதராபாத் கடலுக்கு வெகு தொலைவில், தக்காணப் பீடபூமியின் மீது அமைந்த நகரம். அங்குக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கப்படும் கடல் மீன்கள், பிராணவாயு நிரப்பிய பைகளில் நெடுந்தூரம் பயணம் செய்து வருபவை. வழியில் உடல் உராய்ந்து காயமுறுவதும் உண்டு. ஒட்டுண்ணிகளைச் சுமந்து வருவதும் உண்டு. காயத்தை நோயெனக் கருதி மருந்திட்டால் மருந்தே தீங்காகும். நோயைக் காயமெனக் கருதி வாளாவிருந்தால் தொட்டியிலுள்ள மீன்கள் யாவும் மடியக்கூடும். ஆகவே இவ்விரண்டையும் பிரித்தறிதல் இன்றியமையாதது.

காயம் திடீரெனத் தோன்றும். பெரும்பாலும் ஒரே மீனில், உடலின் ஒரு பக்கத்தில் காணப்படும். செதில் உதிர்ந்திருக்கும், அல்லது துடுப்புக் கிழிந்திருக்கும். தூய நீரில் அது நாளுக்கு நாள் ஆறிவரும். அதன் விளிம்பு சிவந்து பரவுமாயின், பாக்டீரியாக்கள் புகுந்துவிட்டன என ஐயுற வேண்டும்.

ஒட்டுண்ணியின் குறிகள் வேறு. ‘கிரிப்டோகாரியான்’ என்னும் நுண்ணுயிர் தாக்கினால், பொடியுப்பைத் தூவியது போன்ற வெண்புள்ளிகள் உடலிலும் துடுப்புகளிலும் தோன்றும். சில நாட்களில் மற்ற மீன்களிலும் அவை காணப்படும். மீன்கள் கற்களில் உடலைத் தேய்க்கும், விரைந்து மூச்சுவிடும். ‘அமைலூடினியம்’ தாக்கினால் புள்ளிகள் மேலும் நுண்ணியவை. அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கின் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சினால் பொன்துகள் போல் மின்னும். இது செவுள்களை முதலில் தாக்குவதால், துகள் புலப்படுமுன்பே மீன் இறந்துவிடுதலும் உண்டு.

வெண்புள்ளிகள் மறைந்ததும் நோய் நீங்கியதென்று எண்ணலாகாது. 1897ஆம் ஆண்டில் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் மலேரியா ஒட்டுண்ணியைக் கொசுவின் உடலில் கண்டார். நோயாளியின் உடலுக்கு வெளியிலும் அவ்வொட்டுண்ணி ஒரு பருவத்தைக் கழிக்கிறது என்பது அதனால் தெளிவாயிற்று. கிரிப்டோகாரியானும் அத்தகையதே. மீனின் தோலுக்கடியில் சுமார் 3 முதல் 7 நாட்கள் உண்டு வளர்ந்தபின், அது தொட்டியின் அடிக்கு இறங்கி, உறையிட்டுப் பலவாகப் பிரிகிறது. அவ்வுறையினின்று வெளிப்படும் இளம் உயிர்கள் மீண்டும் மீன்களைத் தேடி நீந்துகின்றன. தாமிர மருந்து இவ்வாறு நீந்தும் பருவத்தை மட்டுமே அழிக்கும். தோலுக்கடியிலும் உறைக்குள்ளும் இருப்பவற்றை அணுகாது.

தாமிரம் இறால்களையும் பவளங்களையும் கொல்லுமாதலால், நோயுற்ற மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றியே சிகிச்சை செய்தல் வேண்டும். சில உறைகள் 72 நாட்கள் வரை உயிருடன் இருந்ததாக ஆய்வாளர் கண்டுள்ளனர். ஆதலின் பழைய தொட்டியைச் சுமார் 11 வாரங்கள் மீனின்றி விட்டுவைப்பது நலம். புதிதாக வரும் மீனைச் சில வாரங்கள் தனித்தொட்டியில் வைத்து, நாள்தோறும் இரையிடும் வேளையில் இரு பக்கங்களையும் கூர்ந்து நோக்கினால், இத்துன்பத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.