ஓவியப் பாடவேளையும் கே.சி.எஸ். பணிக்கரும்

"படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா சார்?" விருத்தாசலத்தில் என் எட்டாம் வகுப்பு மாணவன் கேட்ட கேள்வி இது. அவன் தாய் பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் வேலைக்குச் செல்பவர். உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முந்தைய வாரம் ஓவியப் பாடவேளையில் கணக்குத் தேர்வு நடத்தியவன் நான்தான். ஒரு வாரம் கழித்து, பதிலாக ஓர் ஓவியரின் வாழ்க்கையைக் கொண்டு சென்றேன்.

வாழ்வும் பணியும்

கே.சி.எஸ். பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தார். பிழைப்புக்காக வேறு வேலைகள் பார்த்த பிறகே சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். கேரளத்தின் தென்னைகளையும் நீர்நிலைகளையும் நீர்வண்ணத்தில் தீட்டிய நிலக்காட்சிகள் அவருக்குப் பெயர் தேடித் தந்தன. 1957இல் தாம் படித்த பள்ளிக்கே முதல்வரானார். பிற்காலத்தில் எழுத்துகளும் குறியீடுகளும் நிறைந்த ஓவியங்களுக்கு மாறினார்.

ஓவியத்தை மட்டும் நம்பித் தம் மாணவர்கள் வாழ முடியாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். எனவே அவர்கள் மெழுகும் சாயமும் கொண்டு பாத்திக் துணிகள் செய்து விற்றனர். கைத்தொழில் வருவாயைத் துணையாகக் கொண்டு, 1966இல் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. பணிக்கர் 1977இல் மறைந்தார். கிராமம் இன்றும் இருக்கிறது.

வகுப்பறைச் செயல்பாடு (6 முதல் 8ஆம் வகுப்பு வரை)

1. பள்ளி வாசலில் இருந்து தெரியும் ஒரே காட்சியைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வரையச் செய்க. பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே ஒரே வைக்கோற்போரை வெவ்வேறு வெளிச்சத்தில் பலமுறை தீட்டியதைக் கூறுக.
2. நிழல் எந்தப் பக்கம் விழுந்தது, எந்த நிறம் மாறியது என இரண்டு வரி எழுதச் செய்க.
3. களிமண்ணைத் தட்டையாக்கி நிழலில் உலர்த்துக. அதன்மேல் அக்காட்சியைத் தீட்டச் செய்க.

படம் அச்சாக அமைந்ததா என்று பார்த்து மதிப்பெண் இட வேண்டாம். உற்றுநோக்கலுக்கே மதிப்பளிக்கவும்.

பாடம் முடிந்ததும் அதே மாணவன் எழுந்தான். "எங்கம்மா பொம்மைக்குக் கண்ணு எழுதுறாங்க. அவங்களும் ஓவியர்தானே சார்?"

"ஆமாம்" என்றேன். அதன் பின் ஓவியப் பாடவேளையை நான் வேறு பாடத்துக்கு எடுத்ததில்லை.