முதல் வீடா, முதல் விற்பனையா?

பௌதிகம் பயிலும் ஒருவனுக்குப் பத்திரப் பதிவில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். தருமபுரியிலிருந்து வந்து இங்கே படிக்கிறேன். நம்மைப் போன்றோரின் அண்ணன்மாரும் மாமன்மாரும் பெங்களூரில் வீடு வாங்க முற்படுங்கால், “நீ படித்தவன், கணக்குப் பார்த்துச் சொல்” என்று தாளை நம்மிடந்தான் நீட்டுகிறார்கள். சென்ற திங்கள் என் தாய்மாமன் நீட்டினார். அல்சூரில் ஒரு பழைய அடுக்குமாடி வீடு. விலை 40 இலட்சம் ரூபாய்.

“முதல் வீடு வாங்குவோருக்கு வரிச்சலுகை உண்டாமே?” என்பது அவர் முதற்கேள்வி. இங்கிலாந்தில் உண்டு. அங்கே முதல் வீடு வாங்குவோருக்கு 3,00,000 பவுன் வரை முத்திரைத் தீர்வையே இல்லை. அதற்குமேல் 5,00,000 வரையுள்ள பகுதிக்கு மட்டும் நூற்றுக்கு 5. கருநாடகத்தில் உள்ள சலுகையோ வேறு வகை. புதிய அடுக்குமாடி வீடு முதன்முறை விற்கப்படுங்கால், விலை 20 இலட்சம் வரை நூற்றுக்கு 2, 45 இலட்சம் வரை 3, அதற்கு மேற்பட்டால் 5. மறுவிற்பனை வீட்டுக்கு விலை எதுவாயினும் 5. சட்டம் வீட்டின் புதுமையைப் பார்க்கிறதேயன்றி, வாங்குபவரின் புதுமையைப் பார்க்கவில்லை! ஐந்தாம் வீடு வாங்கும் செல்வருக்குச் சலுகை கிட்டலாம். ஆயுளில் முதல் வீடு வாங்கும் என் மாமாவுக்குக் கிட்டாது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தீர்வையோடு முடிவதில்லை. அத்தீர்வையின்மீது நூற்றுக்கு 10 செஸ். நகர்ப்புறத்தில் மேலும் 2 சர்சார்ஜ். பதிவுக் கட்டணமும் 2025 ஆகஸ்டு 31 முதல் நூற்றுக்கு 1 என்பதிலிருந்து 2 ஆக உயர்ந்துவிட்டது. ஆக, மாமாவின் வீட்டுக்குத் தீர்வை 2,00,000, செஸ்ஸும் சர்சார்ஜும் 24,000, பதிவு 80,000, மொத்தம் 3,04,000 ரூபாய். அதே விலையில் புதுவீடாயின் 2,14,400. (கட்டி முடியாத புதுவீட்டுக்கு ஜி.எஸ்.டி. தனியே உண்டு, அதை மறந்து மகிழ வேண்டா.)

விஞ்ஞான மாணவர் சுவைக்கத்தக்க விந்தை ஒன்றும் இதில் உண்டு. 45 இலட்சம் ரூபாய்ப் புதுவீட்டுக்கு இச்செலவு 2,41,200. விலை 46 இலட்சமானால் 3,49,600! ஓர் இலட்சம் விலை ஏறியதற்கு 1,08,400 செலவு ஏறுகிறது. 99 பாகை வரை அமைதியாய்ச் சூடேறிய நீர் 100-இல் ஆவியாகிறதே, அது போல. ஆகவே “பத்திரத்தில் குறைத்து எழுதிக்கொள்ளலாம்” என்ற யோசனை பலர் வாயில் வரும். மாமா காதிலும் ஒருவர் ஓதினார். அரசாங்கம் இடந்தோறும் வழிகாட்டி மதிப்பு குறித்திருக்கிறது. அதுவும் பத்திர விலையும் வேறுபட்டால், எது கூடுதலோ அதன்மேல்தான் தீர்வை. மேலும், குறைத்து எழுதிய விலைக்குத்தானே பாங்கும் கடன் தரும்?

கடன் என்றதும் உண்மையான இடர் தெரிகிறது. 10 இலட்சத்துக்கு மேற்பட்ட வீடாயின், கடனுக்கான மதிப்பில் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் பாங்குகள் சேர்க்கலாகாது என்பது ரிசர்வ் பாங்கு விதி. 30 இலட்சத்தைத் தாண்டும் கடன், வீட்டு மதிப்பில் நூற்றுக்கு 80-ஐ மிஞ்சலாகாது. எனவே மாமாவுக்கு 32 இலட்சம் கடன் கிடைத்தாலும் கைப்பணம் 8 இலட்சம் போதாது; 11,04,000 வேண்டும். மாதத் தவணை கட்ட வல்லவரும் இவ்விடத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

தீர்வைக்கு அஞ்சிப் பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் எழுதி வாங்கிக்கொள்வோரும் உண்டு. அதனால் உரிமை மாறாது என்று 2011-இலேயே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

வழக்கறிஞர் கூலியை மிச்சம்பிடிக்க மாமா விரும்பினார். பாங்கின் வழக்கறிஞர் பார்ப்பாரே என்றார். அவர் பார்ப்பது பாங்கின் நலனை. பதிவு அலுவலகமோ ஆவணத்தைப் பதிகிறது. விற்பவரின் உரிமைக்குப் பிணை நிற்பதில்லை. பலமுறை சொன்னபின் தனியே ஒருவரிடம் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, இ-காத்தா ஆகியவற்றைக் கொடுத்தோம். பழைய பத்திரமொன்றில் ஒரு வாரிசின் கையொப்பம் இல்லை என்று அவர் காட்டினார். விற்பவர் அதைப் பெற்றுத் தர இசைந்திருக்கிறார். முன்பணம் இன்னும் மாமாவின் பெட்டியிலேயே இருக்கிறது.