துண்டுப் பிரசுரப் போரில் வேலூர்

சென்ற தைத் திங்களில் ஒரு நாள், ஆங்கில வரலாறு பயிலும் மாணவர் சிலருடன் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குச் சென்றிருந்தோம். ஏரி நிறைந்து அலையெறிந்து கொண்டிருந்தது. அண்மையிலே, பூவிருந்தவல்லியினின்று ஸ்ரீபெரும்பூதூரை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், புதிய மோட்டார் வண்டிகளை அடுக்கி ஏற்றிய நெடிய லாரிகள் இடையறாது ஓடின. அப்போது மாணவருள் ஒருவர், “ஐயா, இங்கிலாந்து தேசத்தார் திருச்சபையைப் பற்றியும் அரசாட்சியைப் பற்றியும் வாணிகத்தைப் பற்றியும் முற்காலத்தில் அச்சிட்டு வீசிய துண்டுப் பிரசுரங்களை நாம் ஏன் கற்றல் வேண்டும்? அவை அவர்கள் வீட்டுச் சண்டையல்லவா?” என்று வினவினார். “இச்சாலை எவ்வூருக்குச் செல்கின்றது?” என்று யாம் திருப்பிக் கேட்டோம். “காஞ்சிபுரத்தின் பக்கமாய் ஆர்க்காடு, வேலூருக்கு” என்றார். அவ்வீட்டுச் சண்டைகளுள் மிகக் கடுமையானதொன்று வேலூரின் பெயரால் நிகழ்ந்ததென்பதை அன்று அவருக்குச் சுருங்கச் சொன்னோம். அதனைச் சிறிது விரித்து ஈண்டு எழுதலாயினோம்.

துண்டுப் பிரசுரமாவது சில தாள்களை மடித்துத் தைத்து, அட்டையின்றி மலிவாக விற்கும் சிறு நூல். எழுதியவர் தம் பெயரை மறைப்பதும் உண்டு. ஒன்று வெளிவந்த சின்னாட்களில் அதற்கு மறுப்பும், மறுப்புக்கு மறுப்பும் தோன்றும். 1641-ஆம் ஆண்டில் அச்சுத் தணிக்கையை நடத்தி வந்த நீதிமன்றம் ஒழிக்கப்படவே, அரசனுக்கும் பார்லிமெண்டுக்கும் மூண்ட போரினூடே இவை வெள்ளமாய்ப் பெருகின. தாமசன் என்னும் புத்தக வியாபாரி 1640 முதல் 1661 வரை சேர்த்து வைத்தவை மட்டும் ஏறக்குறைய 22,000. அச்சுரிமை வேண்டி மில்டன் 1644-இல் எழுதியதும் இவ்வினத்ததே. டீபோ 1702-இல் திருச்சபைக் கட்சியினரைப் போலவே நடித்தெழுதி அவர்களை நகையாடினார்; அதன் பயனாக அடுத்த ஆண்டு நடுத்தெருவில் கழுமரச் சட்டத்திற் கழுத்தும் கையும் மாட்டி நிறுத்தப்பட்டார்.

வாணிகப் பிரசுரங்களோ தொடக்கத்திலேயே நம்மைத் தொட்டன. கிழக்கிந்தியக் கம்பெனியின் வாணிகத்தால் இங்கிலாந்தின் பொன்னும் வெள்ளியும் வெளியேறுகின்றன என்ற பழியை மறுத்து, அக்கம்பெனியின் நிர்வாகிகளுள் ஒருவரான தாமஸ் மன் 1621-இல் எழுதினார். பின்னர், சென்னைக் கோட்டை முதலிய துறைகளினின்று கப்பலேறிய பருத்தித் துணிகள் ஆங்கில நெசவாளரின் பிழைப்பைக் கெடுக்கின்றன என்று பெரும்பூசல் எழுந்தது. 1719-இல் லண்டன் நெசவாளர் தெருவிற் சென்ற மாதரின் இந்தியச் சீட்டித் துணிகளைப் பற்றிக் கிழித்தனர். டீபோவும் இந்தியத் துணிக்கு எதிராக எழுதினார். 1700, 1721 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் அத்துணிகள் அந்நாட்டில் விலக்கப்பட்டன. நம் கரையில் தறியிலிருந்தோர்க்கு அவ்வழக்கு நடந்ததே தெரிந்திருக்குமோ என்பது ஐயம்.

இனி வேலூருக்கு வருவோம். 1805-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைச் சேனைக்குப் புதிய கட்டளைகள் பிறந்தன. அணிவகுப்பில் நெற்றிக்குறி கூடாது, காதணி கூடாது, தாடியை மழித்து மீசையை ஒரே விதமாய்த் திருத்தல் வேண்டும். இவற்றோடு தோற்குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையும் வந்தது. அது பார்வைக்கு ஐரோப்பியர் தொப்பியை ஒத்திருந்தது. அதனை அணிந்தால் அடுத்தபடி ஞானஸ்நானமே என்ற வதந்தி பாளையங்களிற் பரவியது. 1806-ஆம் ஆண்டு மே மாதத்தில் மறுத்து நின்ற வேலூர்ச் சிப்பாய்களுள் இருவருக்குத் தலைக்கு 900 கசையடி விதிக்கப்பட்டது. ஒருவர் இந்து, மற்றவர் முகம்மதியர். ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன் கோட்டையினுள் துப்பாக்கிகள் வெடித்தன. ஐரோப்பியர் நூற்றுவர்க்கு மேல் மாண்டனர். ஆர்க்காட்டினின்று குதிரைப் படையுடன் விரைந்து வந்த கில்லெஸ்பி அன்றே கோட்டையைக் கைக்கொண்டார்; சிப்பாய்கள் பல நூற்றுவர் மடிந்தனர். விசாரணை செய்த குழுவினர், உடைக் கட்டளைகளும், கோட்டையில் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் குடும்பமுமே காரணம் என்றனர். கவர்னர் வில்லியம் பெண்டிங்கும் சேனாபதி கிராடக்கும் திருப்பியழைக்கப்பட்டனர்.

செய்தி லண்டனை எட்டியபோது தலைப்பாகை மறைந்தது; பாதிரிமார் தோன்றினர்! 1807-இல் தாமஸ் டுவைனிங் என்பவர் கம்பெனித் தலைவருக்குக் கடிதமாக ஒரு பிரசுரம் வெளியிட்டார். இவர் தேயிலை வணிகக் குடும்பத்தவர். வங்காளத்தில் கம்பெனி உத்தியோகம் பார்த்தவர். இந்தியர் மதத்திற் கைவைத்தால் ஆங்கிலர் அந்நாட்டையே இழப்பர் என்பது அவர் வாதம். முன்னாளில் வாரன் ஹேஸ்டிங்ஸின் காரியஸ்தராயிருந்த ஸ்காட் வேரிங் அவரைப் பின்பற்றி, மிஷனரிமாரைத் திருப்பியழைக்கவேண்டும் என்று எழுதினார். அப்போது கம்பெனியின் தலைவராயிருந்த எட்வர்ட் பாரியும் துணைத்தலைவராயிருந்த சார்லஸ் கிராண்டும் மிஷன்களுக்கு ஆதரவானவர் என்பதை நினைவிற் கொண்டால், அம்பு எவர்மேல் எய்யப்பட்டதென்பது விளங்கும்.

மறுப்புகள் பொழிந்தன. பாப்டிஸ்டு மிஷனின் செயலாளரான ஆண்ட்ரூ புல்லர், 1808-இல், வேலூரில் நிகழ்ந்ததற்கும் மிஷனரிமார்க்கும் தொடர்பில்லை என்று வாதித்தார். முன்னாள் கவர்னர்-ஜெனரல் டெயின்மத் பிரபுவும் அக்கட்சியில் நின்றார். சிட்னி ஸ்மித் என்ற குருவானவரோ எடின்பரோ பத்திரிகையில் மிஷனரிமாரை எள்ளி நகையாடினார். அவரது நகைச்சுவை இன்றும் சிரிப்பூட்டுவதே; ஆயினும் வில்லியம் கேரி செருப்புத் தைத்தவர் என்பதைக் குற்றமாகக் காட்டும் அச்சிரிப்பில் குலச்செருக்கு நாறுகின்றது. சௌதி என்னும் புலவர் 1809-இல் அவருக்கு விடையிறுத்தார். இவ்விரு படைக்கும் புறம்பாய்ச் சார்லஸ் ஸ்டூவர்ட் என்ற வங்காளச் சேனை அதிகாரி, இந்துக்கள் ஒழுக்கத்தைப் பிறரிடம் கற்க வேண்டுவதில்லை என்று தம் பெயரை வெளியிடாமல் எழுதினார்.

யார் சொன்னது உண்மை? புல்லர் கூற்றே நிகழ்ச்சிக்குப் பொருந்துவது என்பது எம் கருத்து. சிப்பாய்களைப் புண்படுத்தியது சேனாபதியின் கட்டளையேயன்றி எந்தப் பாதிரியின் பிரசங்கமுமன்று. ஷ்வார்ட்ஸ் பாதிரியார் இத்தமிழ்நாட்டில் நெடுங்காலம் உழைத்து 1798-இல் இறந்தபின், கம்பெனியாரே அவருக்குச் சென்னைக் கோட்டைக் கோயிலிற் பளிங்கு நினைவுச்சின்னம் வைத்தனர். ஆயினும் டுவைனிங் கூறியதை முழுப்பொய்யென்று தள்ளலாகாது. தொப்பியைக் கண்டு அஞ்சியவர், தம் மதம் பறிபோகும் என்றே அஞ்சினர். அவ்வச்சம் எங்கிருந்து வந்தது என்று இரு கட்சியாரும் ஆராய்ந்திலர். எவரேனும் ஒரு சிப்பாயின் சொல்லை நிறுத்துப் பார்த்திருப்பரேல் வழக்கு வேறாயிருக்கும். நாம் பெயர் கூறிய அனைவரும் ஐரோப்பியர். கசையடி பட்டவரின் வாய்மொழி அவர்களுக்குச் சான்றாகவில்லை.

இப்போரில் வாணிகம் எங்கே என்று கேட்பீர்கள். கம்பெனியின் அனுமதிச் சீட்டின்றி எந்த ஆங்கிலனும் இந்தியாவில் வந்து தங்கக்கூடாதென்பது அக்காலச் சட்டம். வெளி வணிகனைத் தடுத்த கதவும் மிஷனரியைத் தடுத்த கதவும் ஒன்றே. 1793-இல் சீட்டின்றி வந்த கேரி, பின்பு 1800 முதல் டேனிஷ்காரர் ஊராகிய சீராம்பூரில் தங்கிப் பணிபுரிந்ததும் இதனாலேயே. ஆகவே, இருபதாண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்படும் கம்பெனியின் சாசனம் 1813-இல் முடிவுற்றபோது, லிவர்ப்பூல், கிளாஸ்கோ வணிகரும் சுவிசேஷக் கட்சியாரும் தத்தம் மனுக்களோடு அக்கதவை இருபுறமும் தள்ளினர். ஒருவர்க்கொருவர் அன்பில்லை, தள்ளியது மட்டும் ஒரே திசையில்.

பார்லிமெண்டின் முன் சாட்சி சொன்னவருள் தாமஸ் மன்ரோ ஒருவர். சேலத்துச் சீமையில் நிலவரி வேலை பார்த்தவர். பிற்காலத்திற் சென்னைக் கவர்னரானவர். ஆங்கிலச் சரக்கு இந்தியாவில் விலைபோகுமோ என்று கேட்டவர்களுக்கு, தாம் ஓர் இந்தியச் சால்வையை ஏழாண்டு பயன்படுத்தியும் அது புதியதுபோலிருந்ததென்றும், ஐரோப்பியச் சால்வையை இனாமாகக் கொடுப்பினும் தாம் அணியப் போவதில்லையென்றும் அவர் கூறினார். அச்சொல்லை வணிகர் கேட்கவில்லை. சாசனச் சட்டம் நிறைவேறியது. சீன வாணிகமும் தேயிலையும் தவிர இந்திய வாணிகம் யாவர்க்கும் திறக்கப்பட்டது. கல்கத்தாவிற்கு ஓர் அத்தியட்சர் நியமிக்கப்பட்டார். மிஷனரிமார்க்குச் சீட்டுப் பெறும் வழி பிறந்தது. கல்விக்கென ஆண்டுக்கு ஓரிலக்க ரூபாய் ஒதுக்கப்பட்டது. பிறகு லங்காஷயர் ஆலைத்துணி நம் சந்தைகளில் வந்து குவிந்த கதை பலரும் அறிந்ததே.

நம்மவர் இவ்விவாதத்தில் நேரே புகுதற்கு மேலும் முப்பதாண்டு சென்றது. 1835-இல் மெட்காஃப் சட்டத்தால் அச்சுக்கூடங்களின் தளை தளர்ந்தது. சென்னை வணிகர் கஜுலு லட்சுமிநரசு செட்டியார் 1844-இல் ‘கிரெஸண்ட்’ என்னும் ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். அரசாங்கப் பள்ளிகளில் வேதாகமத்தைப் பாடமாக வைக்கலாம் என்று கவர்னர் டுவீட்டேல் 1846-இற் கருதியபோது, சென்னையிற் கூடிய பெருங்கூட்டத்திற்கு அவரே தலைமை தாங்கி அதனை மறுத்தார். மிஷன் கல்லூரியின் மலரிலே இதனைச் சொல்ல நாணுவதற்கில்லை. அரசன் ஆணையால் ஊட்டப்படும் வேதம் எவர்க்கும் உணவாகாது. 1852-இல் அவர் முயற்சியால் நிறுவப்பட்ட சென்னைச் சுதேசிகள் சங்கம், நிலவரியின் கொடுமை, நீதிமன்றங்களின் தாமதம், சாலைகளும் நீர்ப்பாசனமும் பேணப்படாமை ஆகியவற்றை எடுத்துரைத்துப் பார்லிமெண்டுக்கு மனு அனுப்பியது. ஏரிப் பாசனத்தால் வாழ்ந்த இச்செங்கற்பட்டுச் சீமையில் அம்மனுவின் பொருள் எவர்க்கும் விளக்க வேண்டாதது.

இங்கிலாந்திலிருந்து டான்பி சீமோர் என்ற பார்லிமெண்டு அங்கத்தினர் 1853-இல் நேரில் வந்து, செட்டியாருடன் ஊரூராய்ச் சுற்றிப் பார்த்தார். அடுத்த ஆண்டு பாரிஸ்டர் ஜான் புரூஸ் நார்ட்டன், சென்னை மாகாணத்தின் நிலையையும் தேவைகளையும் பற்றி ராபர்ட் லோ என்பவருக்கு நீண்டதோர் கடிதத்தை அச்சிட்டு வெளியிட்டார். வரிவசூலில் சித்திரவதை நிகழ்வதுண்டு என்பது பார்லிமெண்டிலேயே பேசப்பட்டது. கம்பெனியார் 1854-இல் மூவர் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தனர். மூவருள் ஒருவர் அந்நார்ட்டனே. குழுவின் முன் வந்த முறையீடுகள் 1,959. அவற்றுள் 1,440 கடிதங்கள். எஞ்சிய 519 பேர், பலர் நெடுந்தூரம் நடந்து, சென்னைக்கு நேரில் வந்து தம் வாயாற் சொன்னவர்.